பீடி சுத்துத பொம்பளைங்கள வச்சு இ-சேவைக்கு ஒரு டிசைன் ஒர்க்ஷாப்: நடத்தப் போறவங்க இதப் படிச்சிட்டுப் போங்க

அரசு ஆன்லைன் சேவைய மக்களையும் கூட உக்கார வச்சு வடிவமைக்கணும், உங்க ஊர்ல ஒரு ஒர்க்ஷாப் நடத்திக் குடுங்கன்னு யாராவது உங்ககிட்ட கேட்டா, சரின்னு சொல்லுததுக்கு முன்னாடி இத ஒருக்கா படிச்சிருங்க. நான் திருநெல்வேலி மாவட்டத்துல முக்கூடல் பக்கம் அப்படி ஒண்ணு நடத்துனேன். திட்டம் போட்டது, ஆள் சேத்தது, எடம் பிடிச்சது, நடத்துனது, கடைசில கணக்கு முடிச்சது எல்லாமே ஒத்த ஆளா. முடிச்சு நிமுந்தப்போ கைக்காசு 40,000 ரூபாய்க்கு மேல போயிருந்துச்சு, அதுல பாதிக்கு மேல திரும்பி வரவே இல்ல, மாசக்கணக்குல வேற வேல எதையும் கையில எடுக்க முடியல. ராத்திரி தூக்கம் வராம கணக்க திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டு இருந்திருக்கேன். அப்படி இருந்தும் சொல்லுதேன், அந்த ஹால்ல பீடி சுத்துத பொம்பளைங்க பேசுனதக் கேட்ட பிறகு, இவங்க இல்லாம ஒரு ஃபாரம் கூட வடிவமைக்கக் கூடாதுன்னு முன்ன விட உறுதியா நம்புதேன். கட்டாயம் நடத்துங்க. என்னென்ன வரும்னு தெரிஞ்சுகிட்டு நடத்துங்க, அதுக்குத்தான் இது.

விஷயம் என்னன்னா, பிளஸ் டூ ரிசல்ட் வந்த உடனே பிள்ளைங்களுக்கு வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்றுன்னு வரிசையா தேவைப்படும். இ-சேவை மையத்துல போய் 60 ரூபா கட்டி பதியணும், அது விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாலுகா ஆபீஸ்னு போய் முடிஞ்சா சான்று வரும். நடுவுல எங்கயாவது திருப்பி அனுப்பிட்டாங்கன்னா அது பெத்தவங்களுக்குத் தெரியுததுக்குள்ள காலேஜ்ல கடைசி தேதி முடிஞ்சிருது. முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம் சுத்துவட்டாரத்துல பாதி வீட்டுல அம்மா பீடி சுத்தித்தான் பிள்ளைய படிக்க வைக்காங்க, முதல் பட்டதாரி சலுகை அவங்களுக்கு வருஷ ஃபீஸ்ல பெரிய தொகை. பதிஞ்சது என்ன ஆச்சுன்னு அவங்க போனுக்குப் போற மெசேஜையும், பதியுத முறையையும் எப்படி மாத்தலாம்னு அவங்களையே கேட்டு வடிவமைச்சு துறைக்குக் குடுக்கணும், இதுதான் திட்டம். சென்னைல உள்ள ஒரு அமைப்பு நிதி குடுத்துச்சு, பேரு வேண்டாம். நான் சென்னைல சில வருஷம் ஆப் டிசைன் வேல பாத்துட்டு பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்தவ, ஊர்ப் பேச்சு தெரியும், அதனால என்கிட்ட குடுத்தாங்க.

அவங்க அனுப்புன கையேட்டுல எல்லாம் இருந்துச்சு, 2004ல பிரிட்டிஷ் டிசைன் கவுன்சில் போட்ட, டிசைன் வேலையோட படிகள ரெண்டு வைர வடிவமாக் காட்டுத டபுள் டைமண்ட் படம், கலர் கலரா ஸ்டிக்கி நோட், டைமர், கூச்சம் போக ஆடுத ஐஸ் பிரேக்கர் விளையாட்டு எல்லாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் இல்ல, வரவங்களோட அன்னைக்குக் கூலி. மக்களையும் கூட உக்கார வச்சு வடிவமைக்குத இந்த முறையே எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தீங்கன்னா அது டிசைன் கம்பெனில பிறக்கல, 1970கள்ல நார்வேல இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கமும் கிறிஸ்டன் நைகார்டுன்னு ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானியும் சேந்து, தொழிற்சாலைக்கு கம்ப்யூட்டர் வந்தா எங்க வேல என்ன ஆகும், அத நாங்களும் சேந்துதான் முடிவு பண்ணுவோம்னு ஆரம்பிச்சது. தொழிலாளிங்க கிட்ட இருந்து வந்த ஒரு முறைல தொழிலாளியோட கூலியே மறந்து போச்சுன்னா அத நான் எப்படி ஏத்துக்கிட முடியும் சொல்லுங்க.

பீடி சுத்துதவங்களுக்கு மாசச் சம்பளம் கெடையாது, இலையும் தூளும் கடைல வாங்கிட்டு வந்து வீட்டுல சுத்தி, எண்ணிக் கட்டி, திரும்பக் கடைல போய் ஒப்படைக்கணும், 1000 பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. பீடி சுத்துத சொளவ (முறத்த) மடில இருந்து எறக்குனா அன்னைக்குக் கூலி இல்ல. ரெண்டு நாள் வாங்கன்னு நாம சாதாரணமா கேக்கது அவங்களுக்கு ரெண்டு நாள் வருமானம், அதுக்கு மேல கடைல ஏன் பீடி குறையுதுன்னு ஒரு பேச்சு. நான் முதல்ல பேசப் போனப்போ ஒரு ஆச்சி நேராவே கேட்டாங்க, "ஏ தாயி, நீ சொல்லுதது நல்ல காரியந்தான், எனக்கு அன்னைக்கு அரிசிக்கு யாரு தருவா?" நான் நிதி குடுத்தவங்க கிட்ட போன்ல பேசுனேன், மெயில் போட்டேன். அங்க இருந்த கணக்கு பாக்குதவரு, காசு குடுத்துக் கூப்பிட்டா ஆளுங்க நமக்குப் பிடிச்ச மாதிரி பதில் சொல்லுவாங்க, அது ஆய்வு நெறிக்கு ஒத்து வராது, சாப்பாடும் சான்றிதழும் குடுத்தா போதும்னுட்டாரு. அதே பட்ஜெட்ல மேற்பார்வைக்கு வார ஆலோசகருக்கு நாள் கணக்குல ஃபீஸ், ஏசி ரூம், டாக்ஸி எல்லாம் இருந்துச்சு. அத வாசிச்சப்போ எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. கடைசில நானே ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபா வீதம் கைல இருந்து குடுத்தேன், ஏறக்குறைய இருபது பேரு, பாதிக் காசு அங்கதான் போச்சு. அதுல எனக்கு வருத்தமே இல்ல, அந்தக் காசு இல்லன்னா பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மணி பாத்துகிட்டே உக்காந்திருப்பாங்க, மனசு விட்டுப் பேசியிருக்க மாட்டாங்க.

நீங்க பண்ணுததா இருந்தா இத பட்ஜெட்ல முதல் வரியாப் போடுங்க. "வருமான இழப்பு ஈடு"ன்னே தலைப்பு குடுங்க, ஊக்கத்தொகைன்னு எழுதுனா மேல இருக்கவங்க வெட்டிருவாங்க. ஊர்ல ஒரு நாள் கூலி என்னன்னு நாலு பேர்கிட்ட கேட்டு அதுக்கு ஒரு படி மேல வைங்க. அன்னைக்கே ரொக்கமாக் குடுங்க, அக்கவுண்ட்ல போடுதோம்னா அது பையன் கைக்கோ வீட்டுக்காரர் கைக்கோ போயிரும், சில பேருக்கு அக்கவுண்டே முடங்கிக் கிடக்கும். வவுச்சர்ல பேரு, தொகை, கையெழுத்தோ ரேகையோ போதும், 5000 ரூபாய்க்கு மேலன்னா தான் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டணும். ரொக்கம்னாலே வருமான வரில சிக்கல் வரும்னு ஆபீஸ்ல பயமுறுத்துவாங்க, ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000 ரூபாய்க்கு மேல போனாத்தான் அந்தப் பேச்சே வரும், 500 ரூபாய்க்கு இல்ல. இத எழுத்துல கேட்டு பதில வாங்கி வச்சுகிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

அடுத்தது தேதி. அட்மிஷன் ஓட்டம் முடிஞ்ச கையோட ஆடி மாசம் நடத்தலாம், அலைஞ்சது எல்லாம் ஞாபகத்துல இருக்கும்னு நான் சொன்னேன், தேதியும் பேசி முடிச்சு ஹாலுக்கும் சாப்பாட்டுக்கும் அட்வான்ஸ் குடுத்தாச்சு. திடீர்னு சென்னைல இருந்து ஆலோசகருக்கு அன்னைக்கு வசதிப்படல, அதுக்கு அடுத்து இந்தத் தேதின்னு ஒண்ணு சொன்னாங்க. பாத்தா ஆடி அமாவாசைக்கு முந்துன நாளு. நம்ம ஊர்க்காரங்களுக்கு வெளக்கவே வேண்டாம், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு குடும்பம் குடும்பமா குடில் போட்டுத் தங்கப் போயிருவாங்க, வேனு, ஆட்டோ எதுவும் கிடைக்காது, பஸ்ஸெல்லாம் பாபநாசம் பக்கமாத் திருப்பி விட்டுருவாங்க. நான் எவ்வளவோ சொல்லியும் அது ஒரு லோக்கல் திருவிழா தானேன்னு கேட்டாங்க. அப்புறம் ஆளே வராதுன்னு புரிஞ்சு மூணாவதா ஒரு தேதிக்குப் போச்சு, அதுக்குள்ள முதல் ஹால் அட்வான்ஸும் சமையல்காரர் அட்வான்ஸும் போயே போச்சு. தேதி மாத்துனா அந்தச் செலவு மாத்துனவங்க தலைலன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருந்தா அந்தக் காசு தப்பியிருக்கும். திருநெல்வேலிச் சீமைல தேதி பாக்கணும்னா பங்குனி உத்திரத்தத் தொடவே கூடாது, எல்லாரும் அவங்கவங்க சாஸ்தா கோயிலுக்குப் போயிருவாங்க. திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள், அதிகாரிங்க ஒருத்தரும் கிடைக்க மாட்டாங்க. மே, ஜூன்ல ஜமாபந்தி (வருவாய்க் கணக்குத் தணிக்கை) வரும், வருவாய்த் துறை ஆளுங்கள கனவுல கூடப் பாக்க முடியாது. கிராம சபை நாளும் பாத்துக்கோங்க. இன்னொண்ணு, 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டமாப் பிரிஞ்சதுல ஆலங்குளம் அந்தப் பக்கம் போயிருச்சு, முக்கூடல் இந்தப் பக்கம், பக்கத்துப் பக்கத்து ஊருதான் ஆனா அனுமதிக் கடிதம் ரெண்டு மாவட்டத்துலயும் வாங்கணும். இது ஒண்ணுலயே பல வாரம் போச்சு.

எடம் பிடிக்கது பத்தி மனசத் திறந்து எழுதணும், ஏன்னா இத யாரும் எழுத மாட்டாங்க. நம்ம பக்கம் கல்யாண மண்டபம்னா பெரும்பாலும் ஏதாவது ஒரு சமுதாயத்துக்குச் சொந்தமா இருக்கும், வாசல்லயே பேரு போட்டிருக்கும். முதல்ல பாத்த ஹால் நல்ல ஹாலு, ஃபேன், மைக், தண்ணி எல்லா வசதியும் உண்டு, வாடகையும் கம்மி. ஆனா ஒரு அக்கா எங்கிட்ட தனியாக் கூப்பிட்டு, "அங்கன்னா எங்க தெருவுல இருந்து ஒருத்தியும் வரமாட்டா, உங்கள தப்பா நெனைக்கல, ஆனா வரமாட்டோம்"னு சொன்னாங்க. அதக் கேட்டு எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சு, அதே சமயம் அவங்க சொன்னாங்களேன்னு நன்றியாவும் இருந்துச்சு, சொல்லாம இருந்திருந்தா ஒரு தெருவே இல்லாம ஒர்க்ஷாப் நடந்திருக்கும், மேல போற ரிப்போர்ட்ல மக்கள் கலந்துகிட்டாங்கன்னு எழுதியிருப்பாங்க. அப்புறம் மகளிர் குழுக் கட்டடம் ஒண்ணு கிடைச்சுது, ஃபேன் ஒழுங்கா ஓடாது, ஆனா எல்லாத் தெருவும் வரும். எடத்த முடிவு பண்ணுததுக்கு முன்னாடி ஒவ்வொரு தெருவுலயும் ஒருத்தர்கிட்டயாவது தனியாக் கேளுங்க, கூட்டத்துல கேட்டா சொல்ல மாட்டாங்க. டவுன் பஸ் நிக்குத எடமாப் பாருங்க, சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, வேன் வாடகை பாதி மிச்சம். சாப்பாட்ட ஊர்ல யாரு வீட்டுலயும் சமைக்கச் சொல்லாம ஹோட்டல்ல சொல்லுங்க, சைவமாச் சொல்லுங்க, முஸ்லிம் அக்காமாரும் தயங்காம உக்காந்து சாப்பிடுவாங்க. கைப்பிள்ளைங்கள பாத்துக்க ஒரு ஆளு கட்டாயம் வேணும்.

முதல் நாள் காலைல ஸ்டிக்கி நோட்ட எடுத்து வச்ச உடனே ரூம்ல ஒரு மாற்றம் தெரிஞ்சுது. நல்லா எழுதத் தெரிஞ்ச ரெண்டு பிள்ளைங்க கைல பேனா போச்சு, மத்தவங்க வாய மூடிட்டாங்க. எழுத்து வந்தாலே எழுதத் தெரிஞ்சவங்க சொன்னதுதான் முடிவு. அதனால அத ஓரமா வச்சுட்டு, ஒரு நீளக் கயித்த தரைல போட்டேன். ஒரு முனை பிள்ளைக்கு ரிசல்ட் வந்த நாளு, இன்னொரு முனை காலேஜ்ல சான்று குடுத்த நாளு. நடுவுல என்னென்ன நடந்துச்சோ அங்கங்க ஒரு பொருள வைங்க, துட்டு செலவான எடத்துல ஒரு நாணயம், ஒரு நாள் கூலி போன எடத்துல ஒரு பீடி இலை, அழுத எடத்துல, சண்ட போட்ட எடத்துல ஒரு மிளகா வத்தல். பத்து நிமிசத்துல எல்லாரும் எந்திச்சு கயித்தச் சுத்தி நிக்காங்க, ஒருத்தர் வைக்க இன்னொருத்தர் "ஏட்டி எனக்கும் அங்கதான்"னு சொல்ல, அந்தச் சத்தத்தக் கேட்டு எனக்கு அழுகையே வந்துருச்சு. 80கள் கடைசில நம்ம நாட்டு கிராமங்கள்லயே வளந்த பங்கேற்பு ஆய்வு முறைங்க இருக்கு, தரைல வரைஞ்சு, விதைய வச்சு எண்ணுத மாதிரி, அதுல பழகுன ஒரு என்ஜிஓ அக்கா கிட்ட முன்னாடியே கேட்டு வச்சது அன்னைக்குக் கை குடுத்துச்சு.

கயித்தப் பாத்தா நாங்க நெனைச்சது ஒண்ணு, அங்க இருந்தது வேற. மெசேஜ் புரியல, அத எளிமையாக்கணும்னுதான் திட்டமே போட்டிருந்தோம். ஆனா பீடி இலை குமிஞ்சு கிடந்தது பதிஞ்ச பிறகு காத்திருந்த எடத்துல. வந்துட்டா வந்துட்டான்னு கேட்டு இ-சேவைக்கு ஒரு நட, விஏஓ ஆபீஸுக்கு ஒரு நட, தலையாரியப் பாக்க ஒரு நட, ஒவ்வொண்ணுக்கும் ஒரு இலை. மெசேஜ் வரலயான்னு கேட்டேன், வந்திருக்கும் போலன்னாங்க. யாரு போனுக்கு? அங்கதான் விஷயமே இருந்துச்சு. ஒருத்தருக்கு நம்பர் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்க மகனோடது, இன்னொருத்தருக்கு வீட்டுக்காரர் நம்பர், அவரு கேரளாவுல வேல பாக்காரு, பகல்ல போன எடுக்க மாட்டாரு. ஒரு மதினியோட சிம்மு ரீசார்ஜ் பண்ணாம அடங்கியே போச்சு, ஆதார்ல அந்த நம்பர் தான் இன்னும் இருக்கு. ரெண்டு மூணு பேருக்கு அவசரத்துல ஆப்பரேட்டர் தன் கடை நம்பரையே போட்டிருக்காரு, ஓடிபி உடனே வேணும்லா. ஆக நீங்க எவ்வளவு அழகா, எவ்வளவு எளிமையா மெசேஜ் எழுதுனாலும் அது போய்ச் சேருதது வேற ஒருத்தர் சட்டப்பைல. சென்னைல உக்காந்து மெசேஜ திருத்திட்டு இருந்தோம்னா இது எந்தக் காலத்துலயும் தெரிஞ்சிருக்காது.

ஆவணங்களப் பத்தி ஒரு எச்சரிக்கை. எல்லாரும் மஞ்சப்பைல ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையோட டிசி எல்லாம் ஒரிஜினலாவே கொண்டு வந்துட்டாங்க, நாம கேக்காமலே. அத ஜெராக்ஸ் எடுக்காதீங்க, போட்டோ எடுக்காதீங்க, சென்னைல இருந்து மாதிரிக்கு நாலு அனுப்புங்கன்னு கேட்டாலும் முடியாதுன்னு சொல்லுங்க. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு, அது ஒரு பக்கம், அதவிட முக்கியம் அவங்க மனசுல உள்ள பயம். "படம் பிடிச்சுட்டுப் போய் மாசம் வார ஆயிரம் ரூவாய நிறுத்திருவாவளோ"ன்னு ஒருத்தர் மெதுவாக் கேட்டதும் நாலு பேரு பைய மடில இறுக்கிப் பிடிச்சுட்டாங்க. நான் கேமராவ எல்லாருக்கும் முன்னாடி பைல போட்டு பூட்டி வச்சேன், படம் இல்லாத ரிப்போர்ட்டான்னு பின்னாடி கேட்டாங்க, ஆமான்னேன். ஆனா ஆவணங்கள அவங்களே விரிச்சு வச்சு பக்கத்துல பக்கத்துல பாத்தது ரொம்ப உபயோகமா இருந்துச்சு, இசக்கிங்கிற பேரு ஒரு கார்டுல ஆங்கிலத்துல ஈ (E) போட்டும் இன்னொண்ணுல ஐ (I) போட்டும் இருக்கு, நம்ம ஊர்ல எத்தன இசக்கி இருக்காங்க, அத்தன பேரும் இதுல மாட்டுதாங்க.

ரெண்டாவது நாள் இ-சேவை ஆப்பரேட்டருங்க வந்தாங்க. இவங்களக் கூப்பிடணும்னு கையேட்டுல இல்ல, பயனாளியும் அதிகாரியும் மட்டும்தான் இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த ஆன்லைன் ஃபாரத்த கண்ணால பாக்கதே ஆப்பரேட்டர் தான், பதிய வார அம்மா மேசைக்கு இந்தப் பக்கம் நின்னு கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லுதாங்க, ஸ்கிரீன் அவங்க பக்கம் திரும்பவே திரும்பாது. ஒரு ஆப்பரேட்டர் தம்பி முதல்ல விறைப்பா உக்காந்திருந்தாரு, தன்னையத் திட்டத்தான் கூப்பிட்டிருக்காங்கன்னு நெனைச்சிருப்பாரு போல. அவரு வேலைய கயித்துல வைக்கச் சொன்னதும் பேச ஆரம்பிச்சாரு. சர்வர் நிக்குது, வெளிய வரிசை நீளுது, ஃபைல் சைஸ் குறைவா இருக்கணும்னு ஸ்கேன சுருக்கிச் சுருக்கி ஏத்துதோம், எழுத்து மங்கிரும், அங்க தெளிவா இல்லன்னு திருப்பிருதாங்க, திரும்ப ஏத்தணும், திட்டு எங்களுக்கு. 60 ரூபாயில எங்களுக்கு நிக்கது கொஞ்சம்தான், நம்பர் யாருதுன்னு விசாரிச்சுட்டு நிக்க நேரம் இல்லன்னாரு. அதுவரைக்கும் அவரு மேல கோவமா இருந்த ஒரு பெரியம்மை, "ஏ ஐயா, இத நீ அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அப்படி ஏசியிருப்பனா"ன்னு கேட்டாங்க. அந்த நிமிசத்துக்காகவே இந்த மொத்தக் காசும் போகட்டும்னு எனக்குத் தோணுச்சு. யாரு நடத்துனாலும் ஆப்பரேட்டரக் கூப்பிடுங்க, அவருக்கும் கடை மூடுன நாளுக்கு ஈடு குடுங்க.

அதிகாரிங்கள எப்போ உள்ள விடணும்ங்கிறதும் பெரிய விஷயம். சென்னைல இருந்தவங்க, தொடக்க விழாவுக்கே கூப்பிடுங்கன்னு சொன்னாங்க. நான் கடைசி ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும்தான் கூப்பிட்டேன், அதுல எனக்குக் கொஞ்சம் மனஸ்தாபம் கூட வந்துச்சு, ஆனா அது சரின்னுதான் இப்பவும் சொல்லுவேன். விஏஓ சார் முன்னாடி எந்தப் பொம்பளையும் உங்க ஆபீஸுக்கு வந்து அலைஞ்சேன்னு சொல்ல மாட்டாங்க, நாளைக்கும் அவர்கிட்டதான் போய் நிக்கணும். முதல்ல பேசி முடிச்சு, யாரு சொன்னதுன்னு தெரியாத மாதிரி எல்லாத்தையும் கயித்துல வச்சுட்டா, அப்புறம் அவரு வந்து பாக்கும்போது கயிறுதான் பேசும். வந்த விஏஓ நல்ல மனுஷன், ஒரே ஆளா ரெண்டு கிராமம் பாக்காரு, வந்து பீடி இலைக் குமியலப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் அவரே, திருப்பி அனுப்பும்போது என்ன ஆவணம் குறையுதுன்னு நான் ஒரு வரி எழுதித்தான் அனுப்புதேன், அது இவங்க கைக்கு வரதே இல்லையான்னு கேட்டாரு.

கடைசியா அட்டைல போன் மாதிரி வெட்டி, அதுல மெசேஜ் எழுதி, ஒருத்தர் கம்ப்யூட்டரா நடிக்க, ஒருத்தர் ஆப்பரேட்டரா நடிக்க, ஒருத்தர் அம்மாவா வந்து பதியுத மாதிரி நடிச்சுப் பாத்தோம். எடம் மாத்தி ஆப்பரேட்டர் தம்பிய அம்மாவா நிக்க வச்சோம், ரெண்டு நிமிசத்துல அவரே ஸ்கிரீன இந்தப் பக்கம் திருப்பச் சொன்னாரு. வேண்டியதுல எது முக்கியம்னு தேர்ந்தெடுக்க புளியங்கொட்டை குடுத்தோம், ஒரு ஆளுக்கு மூணு கொட்டை. இதுல ஒண்ணு கவனிங்க, திறந்த தட்டுல போடச் சொன்னா குழுத் தலைவி போட்டதுலயே எல்லாரும் போடுவாங்க, மூடி போட்ட டப்பாவ திரைக்குப் பின்னால வச்சு ஒவ்வொருத்தரா போய்ப் போடச் சொல்லுங்க. ஜெயிச்சது எது தெரியுமா, திரும்ப என்னைக்கு வரணும்ங்கிற தேதிய ஒப்புகைச் சீட்டுலயே பெருசாப் போட்டுக் குடுக்கணும்ங்கிறது. அதுக்கு அடுத்து, ஓடிபி வார நம்பர் தனி, சேதி சொல்லுத நம்பர் தனின்னு ரெண்டாவது நம்பருக்கு ஒரு கட்டம் வேணும், அது பக்கத்து வீட்டு நம்பரா இருந்தாலும் சரி. மூணாவது, திருப்பி அனுப்புனா என்ன கொண்டு வரணும்னு குரல்ல போன் வரணும். புது ஆப் வேணும்னு ஒரு கொட்டை கூட விழல.

இனி துட்டு விஷயம். பில்லக் குடுத்தா திருப்பித் தருவோம்ங்கிற ஏற்பாடு தனி ஆளுக்கு ஆகவே ஆகாது. டீக்கடை, ஆட்டோ, கயிறு, புளியங்கொட்டை எதுக்கும் ஜிஎஸ்டி பில் கிடைக்காது. எனக்கு கடைசித் தவணை வராம இழுத்துகிட்டே போச்சு, வந்தப்போ ஃபீஸுல 10 சதவீதம் டிடிஎஸ் (குடுக்கும்போதே பிடிக்குத வருமான வரி) போக, வவுச்சர்ல குடுத்த கூலி ஈட்டையும், மாறுன தேதியோட அட்வான்ஸையும் கழிச்சுட்டாங்க. நடுவுல ஹோட்டல்காரருக்குக் குடுக்க வேண்டியதுக்கு வளையல கூட்டுறவு சங்கத்துல வச்சேன், வீட்டுல அம்மைக்குத் தெரிஞ்சு ஒரே வருத்தம். டிடிஎஸ் பிடிச்சது வருமான வரித் துறையோட வரிப் பிடித்தப் பட்டியல்ல (26ஏஎஸ்) ஏறியிருக்கான்னு பாத்து ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கலாம், மத்தது போனது போனதுதான். நீங்க வேலை ஒத்துக்கிடும்போது பாதிப் பணம் முன்னாடியே அக்கவுண்ட்ல வந்த பிறகு தேதி குறிங்க. சின்னச் செலவுக்கு பில் இல்லாம வவுச்சர்ல இவ்வளவு வரைக்கும் ஏத்துக்கிடுவோம்னு எழுதி வாங்குங்க. கூட ஒரு ஆளு வேணும், கண்டிப்பா சம்பளத்துக்கு ஒரு ஆளு, நீங்க பேசிட்டு இருக்கும்போது குறிப்பெடுக்கவும் வவுச்சர்ல ரேகை வாங்கவும். ஒத்த ஆளா ரெண்டையும் பாத்து எனக்குத் தொண்டை கட்டி, சாயங்காலம் நினைவுல இருந்தத எழுதும்போது பாதி விட்டுப் போச்சு, அவங்க சொன்ன நல்ல வார்த்தைங்க எத்தனையோ.

கடைசியா, முடிவ எடுத்துகிட்டுத் திரும்ப அங்க போகணும், அதுக்கும் பட்ஜெட்ல எடம் கேளுங்க. என் திட்டத்துல அது இல்ல, ரிப்போர்ட் போனதோட முடிஞ்சுதுன்னாங்க. நான் என் செலவுல ஒரு மதியம் போய் கயித்தத் திரும்பப் போட்டு, நீங்க சொன்னதுல இதெல்லாம் மேல போயிருக்கு, ரெண்டாவது நம்பர் கட்டம் துறைகிட்ட குடுத்திருக்கு, பதில் இன்னும் வரலன்னு உள்ளது உள்ளபடி சொன்னேன். கோவப்படுவாங்கன்னு பயந்துட்டே போனேன், யாரும் படல. அந்த ஆப்பரேட்டர் தம்பி மேல இருந்து உத்தரவு வருதவரைக்கும் காத்திருக்காம, சீட்டுக்குப் பின்னால ஸ்கெட்ச் பேனாவால திரும்ப வர வேண்டிய தேதியும், நம்பர் யாரு போனுதுன்னும் எழுதிக் குடுக்க ஆரம்பிச்சிருந்தாரு. ஒரு மதினி சீட்ட எடுத்துக் காட்டுனாங்க, அதுல "மகன் நம்பர், திருப்பூர்"னு எழுதியிருந்துச்சு. அந்தப் பேனாவும் சீட்டும் அவரு கைக்காசு. அடுத்த தடவ இந்த மாதிரி வேலைக்கு யாரு பட்ஜெட் போட்டாலும் திரும்பப் போற நாளுக்கும் அவங்க கூலி ஈட்ட சேத்துப் போடுங்க, அன்னைக்கு என்கிட்ட குடுக்கதுக்கு இல்ல, டீயும் முறுக்கும்தான் குடுக்க முடிஞ்சுது.